பன்னிரண்டு அடிப் பால்வீதி

இராமநாதபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் எட்டு வருடமாக டிசைன் போடுகிறேன். இந்த மாவட்டத்தில் பிரபஞ்சத்தை என்னளவுக்குக் கேவலப்படுத்தியவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. காதுகுத்தா, குழந்தையைச் சனிக்கிரகத்தின் வளையத்தில் உட்கார வை. சடங்கா, பெண்ணைப் பிறைநிலாவில் சாய்த்து வை. செத்துப்போனால் கேட்கவே வேண்டாம். பரமக்குடிச் சந்தையைத் தாண்டாத மனிதர்கூட வெள்ளை வேட்டியோடு இரண்டு கேலக்ஸிகளுக்கு நடுவில் மிதந்தாக வேண்டும். "நல்லா கிராண்டா, பின்னாடி அந்த நட்சத்திரமெல்லாம் சுத்துற மாதிரி போடும்மா" என்பார்கள். அது என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. மீசை தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதுதான் கவலை.

நான் இயற்பியல் பட்டம் வாங்கியவள். வேலை கிடைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தாலும் அந்தத் திமிர் மட்டும் போகவில்லை. ஊதாவும் சிவப்புமாக ஒவ்வொரு கேலக்ஸியை இழுத்து ஒட்டும்போதும் மனதுக்குள் காறித் துப்பிக்கொள்வேன்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். இராமேஸ்வரத்தில் ரூம் போட்டு, ஒரு வாரம் கடற்கரையில் கேமராவோடு கிடந்து பால்வீதியைப் படம் எடுத்திருந்தார். பெரிதாக அச்சடித்தால் எப்படி வரும் என்று பார்க்க வேண்டுமாம். படத்தைத் திறந்தேன். கடலுக்கு மேலே ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், ஒட்டு வேலை இல்லை, வளையம் இல்லை. "கொடுத்துவச்சவங்க மேடம் நீங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் மேகமே இல்லாத வானம்" என்றார். எங்கள் வானத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுத்த அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் படத்தை அவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் என் அப்பா இறந்தார். அய்யா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுடையது கடலை விட்டு உள்ளே தள்ளிய மானாவாரிக் கிராமம். புழுதியில் விதைத்த நெல் ஒரே ஒரு மழையில் முளைத்தது. ஒரு சாண் எழும்பியதும் வானம் கைவிட்டுவிட்டது. கருகிய பயிரைப் பார்த்துவிட்டு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார், எழவில்லை. அப்போது நான் கணவர் வீட்டில், டவுனில் இருந்தேன்.

துபாயிலிருந்து வந்து சேர முடியாத தம்பி போனில் அழுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்றான். "கேலக்ஸி வச்சு நல்லாப் போடுக்கா." ரசனை கெட்டவனே என்று அந்த நேரத்திலும் திட்டினேன். வானம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு நான் காட்டுகிறேன் என்று இருந்தது எனக்கு. அந்தச் சென்னைக்காரரின் படத்தை எடுத்தேன். கடலை வெட்டிவிட்டு, துண்டு போட்ட தோளோடு அய்யாவை அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே நிறுத்தினேன். பன்னிரண்டு அடி அகலம். புறா இல்லை, தாமரை இல்லை. அழுதுகொண்டேதான் செய்தேன், ஆனால் அந்த அழுகையிலும் கர்வம் இருந்தது.

காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு எதிரே கட்டினோம். பெரியப்பா வந்து பார்த்தார். "என்னத்தா, கலரே இல்ல? எந்தம்பிய இருட்டுல நிறுத்திட்ட?" என்றார். இவருக்கு என்ன தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். அண்ணாந்து அந்த நட்சத்திரங்களைப் பார்த்தாள்.

"இத அவுத்துப் போடு."

"ஏம்மா, நல்லாத்தான இருக்கு?"

"எம்புட்டு வெள்ளி! வானம் இப்படி வெள்ளி பூத்துக் கெடந்தா மழை எங்கிட்டு வரும்? பொழுது சாஞ்சதும் கம்மாக்கரையில போயி நிப்பாரு. இன்னைக்கும் வெள்ளி பூத்துருச்சுன்னு வந்து, சோறு திங்காமப் படுத்துருவாரு. இதப் பாத்துப் பாத்துத்தான அந்த மனுசன் செத்தாரு. செத்தும் இதுக்கு அடியிலயே நிக்கணுமா?"

பால்வீதியின் அகலம் எத்தனை ஒளியாண்டு என்று எனக்குத் தெரியும். என் அய்யா எத்தனை நாள் பட்டினியாகப் படுத்தார் என்று தெரியாது. ஊரையே ரசனை கெட்டது என்று சொல்லித் திரிந்த என் படிப்பைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. நானும் பெரியப்பாவும் அப்போதே அவிழ்த்தோம்.

மறுநாள் காலை கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் கிடந்தன. மழை மேகம் ஒன்றுகூட இல்லை. இருந்த மேகமெல்லாம் நீல வானத்தில் பஞ்சு பஞ்சாக, ஒரு சொட்டுக்கும் உதவாதவை. இணையத்தில் அலசி ஒன்றைப் பிடித்தேன். கன்னங்கரேலென்று, தரையைத் தொடுகிற மாதிரி இறங்கிய மேகம். முதலாளி எட்டிப் பார்த்தார். "துக்க வீட்டுக்குக் கறுப்பு மேகமா? நல்லாவா இருக்கு? ஒரு கேலக்ஸியப் போட்டு விடும்மா" என்றார். "அத நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் கட்டி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். அய்யாவின் படம் அதேதான், மேகம் மட்டும்தான் புதிது. அம்மா கிட்டே போய், அவர் முகத்தை விட்டுவிட்டு, கை எட்டிய இடத்தில் மேகத்தைத் தடவினாள்.

"இத ஒரு மாசம் முன்னாடி கொண்டாந்து கட்டியிருக்கக் கூடாதாடி? மனுசன் இருந்திருப்பாருல்ல."