குடும்பத்தினர் நாற்காலி

நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டியிருந்த காகிதத் துண்டு அது. 'குடும்பத்தினர்' என்று நீல மையில் எழுதியிருந்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் பிய்த்து எடுத்தேன். இன்னும் என் கண்ணாடிக் கூட்டில் கிடக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் எனக்குக் கதை, கவிதை எல்லாம் எட்டாத சமாச்சாரம். மகள் கல்யாணமாகிப் போனபின் என் வீட்டுக்காரி கோயமுத்தூரில் சனிக்கிழமைதோறும் கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே படிப்பவர்கள் தாங்கள் எழுதியதை மேடையில் வாசிக்கும் விழாவுக்கு, "வந்து சும்மா உக்காந்திருங்க, போதும்" என்று என்னைக் கூப்பிட்டாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முன்வரிசையில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் மைக்கைப் பிடித்து வாசித்த முதல் வரி, "அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாசமாகிறது." செத்தவன் யாரென்று இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நகக்கண்ணில் கிரீஸ், குளியலறையில் நின்றுகொண்டு துண்டுக்காக ஊரையே கூப்பிடும் பழக்கம், சித்திரை வெயிலிலும் ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்க விடாத பிடிவாதம், எல்லாம் நான்தான். கதையில் வரும் மனைவி ஃபேனை நாலில் வைத்து அசந்து தூங்குகிறாள். விடியும் முன் எழுந்து மறுபடி இரண்டுக்கே வைக்கிறாள். அதோடு கதை முடிந்தது. அரங்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் போனதில் அவளுக்கு நிம்மதியா, துக்கமா?

விழா முடிந்தபின் குழப்பம் இன்னும் கூடியது. எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் 'வாரனுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். எழவு வீட்டில் மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அன்றைக்குப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பிறகு சொல்லிக்கொள்ளாமலே நடந்தார்கள். கதையை நிஜமென்றே நம்பிவிட்டார்கள்! அதில் ஒரு அம்மா என்னிடம் வந்து, "நீங்க அவிங்களுக்கு அண்ணனுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவரைச் சங்கடப்படுத்த மனம் வராமல், "ஆமாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

வண்டியில் திரும்பும்போது, "ஏன் அம்மணி, என்னைய எதுக்குக் கொன்னுபோட்டே?" என்று கேட்டேன்.

"கதையில ஆராச்சும் இல்லாமப் போகோணும்னு வகுப்புல சார் சொன்னாருங்க. நம்ம ஊட்டுல வேற ஆரு இருக்கறாங்க?"

சிரித்தாளா என்று பார்க்க முடியவில்லை. பின்னால் அல்லவா உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பையை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கியதே இல்லை. உண்மையாகவே பயந்துபோனேன். கேட் வரை போய் நின்றேன். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, "மறந்துபோட்டனுங்க. வாரனுங்க" என்றாள். மறந்துதான் போனாளா, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாளா, இன்றுவரை தெரியவில்லை.

உள்ளே வந்து ஃபேனை நாலில் வைத்துப் பார்த்தேன். மேசைமேல் கிடந்த 'குடும்பத்தினர்' பறந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. முட்டி போட்டுத் தேடி எடுத்து, கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினேன்.