விஜயபுரத்துக்குச் சின்ன வண்டி

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் எஸ்தரை எங்கள் ஊரில் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காலமான அன்று நைனா, அதாவது என் அப்பா, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் சொல்லவில்லை.

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு அட்டெண்டர் வந்து, "மேடம், சித்தூர் நுஞ்சி போன்" என்று தெலுங்கில் சொன்னார், சித்தூரிலிருந்து போன் என்று. ஆபீஸ் அறையில் போனை எடுத்தேன். நைனா அழுதுகொண்டிருந்தார். பஸ் பிடித்துச் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மூடிய வாசலுக்கு வெளியே, அம்மாவின் சின்னக் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கார் டிக்கியின் மேல் கையை வைத்திருந்தார்.

"சுகிர்தா, அந்தக் கடலை மூட்டைய ஆரு ஏத்தனதுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நம் திருச்சபையில் மூத்தவர்களுக்கு அந்த மூட்டையின் கதை தெரியும். தெரிந்தது பாதிதான். மீதியை நைனாவின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறியதே, அப்போது நான் கல்லூரி மாணவி. ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு மிஷன் காலத்து வேன் ஒன்று இருந்தது. யானை போன்ற வண்டி. வியாழக்கிழமைதோறும் அதில்தான் அம்மா விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போவார். அங்கே வேறு டாக்டர் கிடையாது. பிரசவம் சிக்கலாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளக்கூடிய பெண்கள், தெரியாததால் செத்துப்போகிற ஊர்கள் அவை. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, விஜயபுரத்தை நிறுத்திவிடலாம் என்று ஆஸ்பத்திரி கமிட்டி பேச ஆரம்பித்தது. கமிட்டியின் பொருளாளர் என் நைனா.

அம்மா கேட்டது ஒன்றுதான். வேனை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்குங்கள்.

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டரம்மா, அந்தத் தகர டப்பாவிலயா? நோயாளி எங்க உக்காருவான்? அவன் மடியில நாம உக்காரணுமா?"

"நோயாளிய நாம எங்க அண்ணா ஏத்திக்கினு வரோம்? அவங்க இருக்கற எடத்துக்கு நாமதான போறோம். எனக்கு ஒரு சீட்டு, மருந்துக்கு ரெண்டு பொட்டி. இதுக்கு எதுக்கு அம்மாம்பெரிய வண்டி? ஊத்தற பெட்ரோல்ல பாதி, அது தன்னத் தானே தூக்கினு போறதுக்கே சரியாப் போவுது."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிற்பாடு எத்தனையோ இடங்களில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அது வெறும் பேச்சு இல்லை. அடுத்த வாரமே வேனின் பின்சீட்டைக் கழற்றி வைத்தார். டிரைவரை வார்டு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தானே ஓட்டினார். கனமான கண்ணாடிச் சீசாக்களில் இருந்த மருந்தையெல்லாம் பொட்டலங்களாக மாற்றச் சொன்னார். என்ன செய்தும் வேன் குடிப்பதைக் குறைக்கவில்லை.

கடைசியில் கமிட்டி ஒரு பரீட்சை வைத்தது. விஜயபுரம் போய்ச் சேர மட்டும் வேனுக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகுமோ, அந்த அளவிலேயே சின்னக் கார் போய்த் திரும்பியும் வர வேண்டும். வந்தால் வாங்கலாம். வராவிட்டால் வியாழக்கிழமைப் பயணம் நிற்கும். திருப்பதியில் இருந்த ஒரு சிநேகிதியிடம் அம்மா கார் இரவல் வாங்கி வந்தார். எல்லோரும் பார்க்க டாங்கைக் காலி செய்து, அளந்து ஊற்றினார்கள். கூடுதலாக ஒரு கேனை ஒளித்துவைத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, டிக்கி சாவியை அம்மா தாமாகவே நைனாவின் கையில் கொடுத்தார். நைனாதான் சாட்சி.

நைனா பருமனானவர். முன்சீட்டில் அவர் ஏறியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. "அண்ணா, உங்களுக்கு பதிலா உங்க மனசாட்சிய மட்டும் அனுப்ப முடியாதா?" என்றார் அம்மா. நைனாவே சிரித்துவிட்டார். நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதற்காக என்னையும் அழைத்துப் போனார்கள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்வேட்டிநகரம் தாண்டும்போது இறக்கங்களில் அம்மா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். மாட்டுவண்டியைக் கண்டால் வெகு தூரத்திலேயே வேகத்தைத் தணித்துவிடுவார். பிரேக் போடுவதென்றால் அவருக்குக் காசைக் கிணற்றில் போடுகிற மாதிரி. "பிரேக் போட்டா, ஊத்தனதுல கொஞ்சம் ரோட்டுல போச்சின்னு அர்த்தம்" என்றார்.

அன்று விஜயபுரத்தில் கூட்டம் அதிகம். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போன மாதம் அம்மா பிரசவம் பார்த்தவள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றார்.

"இன்னாம்மா, பெரிய வண்டியில வந்தப்ப வாங்கிக்கினே. சின்ன வண்டி வந்ததும் நாங்க எளப்பமாப் பூட்டமா?"

"அதில்லடி. இத நான் துன்ன மாட்டேன், வண்டிதான் துன்னும். அடுத்த வாரமும் நான் வரணுமா, வேணாமா? எட இல்லாதது எதுனா குடு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். தலையில் இருந்த கனகாம்பரத்தை எடுத்து அம்மாவின் தலையில் வைத்தாள். வெள்ளைப் புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக, பூ வைத்துப் பழக்கமே இல்லாத அம்மா அதோடு கார் ஓட்டி வந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில், சித்தூருக்குச் சற்று முன்னால் ஒரு மேட்டில், கார் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஊர் விளக்குகள் அங்கிருந்தே தெரிந்தன. நைனா வழியில் வந்த லாரியில் ஏறிப் பெட்ரோல் வாங்கப் போனார். போகும்போது டிக்கி சாவியை முன்சீட்டிலேயே விட்டுவிட்டார். அம்மா டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு மூட்டை வேர்க்கடலை இருந்தது.

விஜயபுரத்தில் என் பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தது அது. அம்மா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனும் நைனாவும் அதை ஏற்றுவதை நான் பார்த்திருந்தேன். நைனாவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உறவுக்காரன் அறுவடையான கையோடு கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சாவி ஆரு கையில இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதா?" ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் கீது."

மறுநாள் கமிட்டி கூடியபோது நான் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. சாட்சி சொல்ல நைனாவைக் கூப்பிடுவதற்கு முன்பே அம்மா எழுந்துவிட்டார். "வண்டி நின்னுபோனது நெஜம். டிக்கியில ஒரு மூட்டை கடலை இருந்துச்சி. விஜயபுரத்துக்காரங்க பாசம் எவ்ளோ எடன்னு நான் கணக்குல சேக்கல. அது என் தப்பு" என்றார்.

போதகர் சிரிக்கத் தொடங்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் நைனாவின் குரல் கேட்டது. "அந்த மூட்டை இல்லன்னா வண்டி வந்து சேந்திருக்கும். நான் சாட்சி. வாங்கிடலாம்." மூட்டை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நைனாவும் சொல்லவில்லை.

சின்னக் கார் வந்தது. விஜயபுரம் நிற்கவில்லை.

அதன்பின் நைனா எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அம்மா ஒரு தட்டில் வறுத்த கடலை வைப்பார். "துன்னுங்கண்ணா, இது வண்டியில ஏறல" என்பார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டே தின்பார். அம்மா தெரிந்துதான் வைக்கிறாரா, தற்செயலா என்று அவரால் தீர்மானிக்கவே முடியவில்லை. அவருக்குத் தெரியும் என்பதை நைனாவிடம் சொல்லிவிடட்டுமா என்று ஒருமுறை அம்மாவைக் கேட்டேன். "நான் இருக்கற வரைக்கும் சொல்லாத. கடல வெக்கிற சந்தோஷம் பூடும்" என்றார்.

நான் திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்தபின் கார் சாமான் வாங்க அங்கே வரும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்ப்பார். ஒருநாள் மலையடிவாரத்தில் பெரிய கார்கள் பானெட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒருவரோ இருவரோதான் ஆள். பக்கத்தில் ஜனங்கள் வெறுங்கையோடு மலையேறிக்கொண்டிருந்தார்கள். "எப்படிப் போறதுன்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குது" என்றார். அவருடைய சாமி வேறு. ஆனால் அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். ஊருக்குக் கிளம்பும்போது பையைக் கட்டி முடித்தபின், மறுபடி அவிழ்த்து ஒரு பொருளை எடுத்து வெளியே வைத்துவிடுவேன். பெரும்பாலும் அது ஒரு புத்தகமாக இருக்கும். வைக்க மனம் வராது. வைத்துவிடுவேன்.

நைனா கார் பக்கத்தில் நின்று கேட்ட அன்று அம்மாவின் உடல் உள்ளே இருந்தது. இன்னும் அடக்கம் ஆகவில்லை. "நான் இருக்கற வரைக்கும்" என்று அவர் சொன்னது அடக்கம் ஆகும்வரைக்கும்தான் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடந்தபோது சொன்னேன். நைனா நின்றார். மூக்கைச் சிந்திக்கொண்டார். "அத்தன வருசமும் கடல வெச்சிக்கினே இருந்துச்சே அந்தம்மா" என்றார். பிறகு நடந்தோம்.

அந்த வியாழக்கிழமை புது டாக்டர் அதே காரில் விஜயபுரம் புறப்பட்டார். அம்மா இல்லை என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு நேரில் சொல்ல நைனாவும் வர வேண்டும் என்று கேட்டு, முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். நைனா காரைப் பார்த்தார். பின்னால் இருந்த மருந்துப் பெட்டிகளைப் பார்த்தார். "நீங்க போங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பஸ்ஸில் விஜயபுரம் போனார்.