வேதத்தின் மேல் வாங்கிய ஓட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், இலத்தூருக்குப் பக்கத்து ஊரில் மிஷன் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். எங்கள் சபையின் மூப்பர் என் தாய்மாமா. அவர் ஜெபம் பண்ணினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மாமா நின்றார். ஓட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கீழத்தெருக்காரர்களைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். அவர்களும் எங்கள் சபையார்தான். அவருடைய வயலில் நாற்று நடுகிறவர்கள், களையெடுக்கிறவர்கள். முன்னறை மேசையில் கோயிலின் பெரிய வேதாகமம் இருந்தது. பக்கத்தில், கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒவ்வொருவராக வந்து வேதத்தின் மேல் கை வைத்து, மாமாவுக்கே ஓட்டுப் போடுவதாகச் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணியவர்களின் பெயரை நோட்டில் எழுத ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அது நான்தான்.

மாமா சொன்னால் தட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டியிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி தட்டினாள்.

நடவு வேலைக்குப் போகும் விதவை அவள். மேசைக்கு முன்னால் வந்தவள் கையை நீட்டவில்லை.

"ஐயா, சத்தியமே பண்ணக்கூடாதுன்னு வேதத்துலயே இருக்காம்லா. டீச்சர்தான் வாசிச்சுக் காட்டுனாவ. அதும்மேலயே கையை வச்சு எப்படிப் பண்ணுதது?"

மாமா சிரித்தார். "சரி, நீ போம்மா" என்றார். எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன்.

மாமா ஜெயித்தார்; தலைவரானார். கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. கீழத்தெருவுக்குக் குழாய் போட முன்பே உத்தரவாகியிருந்தது. தெருமுனை வரைக்கும் பள்ளம் தோண்டினார்கள். பிறகு ஒரு நாள் ஆட்கள் வந்து அதை மூடிவிட்டுப் போனார்கள். குழாய் மாமா வீட்டு மதிலோரம் முளைத்தது. அந்தத் தெருப் பெண்கள் முன்போலவே வாய்க்காலுக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

அப்போது குற்றாலத்தில் சீசன். மாமா யாரோ அதிகாரிகளை அழைத்துக்கொண்டு போய் அங்கே பங்களாவில் தங்கியிருந்தார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் தென்காசிக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறிப் போனேன். அருவிக்கரையில் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"கீழத்தெருக் குழாய் என்னாச்சு மாமா?"

"இதுக்கா இங்கன வந்த? வரும்ட்டி. கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

"எதுக்குக் கிடக்கணும்?"

"வேதத்து மேல கை வைக்க மாட்டாளாம், என் குழாய்த் தண்ணி மட்டும் வேணுமாக்கும்?"

"அது உங்க குழாயா? சத்தியம் பண்ணுனவங்களும் அதே தெருவுலதான் இருக்காவ."

"ஒருத்திய விட்டா நாளைக்கு எல்லாரும் பேசுவாவ. கோயில்ல ஆண்டவரு நடத்துதாரு. ஊரை நான்தான் நடத்தணும். போ, போய்ப் பள்ளிக்கூடத்தைப் பாரு."

எழுந்து போய் அருவிக்குள் நின்றார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். அத்தனை இரைச்சலிலும் அது எனக்குக் கேட்டது. கல்லெடுத்து எறியத் தோன்றியது. ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு அப்படித் தோன்றியதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக நான் இன்றுவரை நினைக்கவில்லை.

மறுநாளே மனு எழுதினேன். வேதத்தின் மேல் சத்தியம் வாங்கியதையும், பெயர் எழுதியது நான் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். கீழத்தெருவில் பதினோரு பேர் கைநாட்டு வைத்தார்கள். முதலில் வைத்தவள் அந்த விதவை. தென்காசி தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் எனக்கு வாசுதேவநல்லூருக்கு மாற்றல் வந்தது. பள்ளிக் கமிட்டியில் மாமாவும் இருந்தார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். அடுத்த கோடையில் கீழத்தெருவுக்குக் குழாய் வந்தது. திறந்து வைத்தது மாமாதான், ஜெபத்தோடு. நானும் போயிருந்தேன். என்னைக் கண்டதும், எதுவுமே நடக்காதது போல, "ஒரு பாட்டு பாடும்மா" என்றார்.

"நான் பாட மாட்டேன். முதல்ல இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க."

உபதேசியார் அவசரமாகத் தானே ஒரு பாட்டை எடுத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து பாடினார்.

கூட்டம் கலைந்தபின் அவள் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். "அவரை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"அவரு எங்க கேட்டாரு டீச்சர்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் அன்னைக்கு எழுதிக்கிட்டுத்தான இருந்திய?"

நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மாமா சாகும்வரை தலைவராகவும் மூப்பராகவும் இருந்தார். ஒருநாளும் கேட்கவில்லை.