பர்மனென்ட் என்று கேட்டால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் ஒரு கம்ப்யூட்டர், அது கெட்டுவிடக் கூடாதென்று ஒரு ஏ.சி., பிறகு நான். அவை இரண்டும் பர்மனென்ட். நான் இரண்டாவது வருடமாகப் புரொபேஷன். கிருஷ்ணகிரியில் பெண் வீட்டார் வேறு, "பர்மனென்ட் ஆர்டர் வந்ததும் சொல்லுங்க, தேதி வெச்சிடலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் பர்சனல் ஆபீசரின் ஜன்னலில் கூட்டம் மொய்க்கும். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இவங்களுக்குப் பதில் சொல்லியே என் உசுரு போவுது. கம்ப்யூட்டரே பதில் சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுப்பா. உன் ஆர்டரை நானே கையோட வாங்கித் தரேன்."

பெங்களூர் நண்பன் ஒரு பிளாப்பியில் லைப்ரரி ஒன்று கொடுத்தான். யாரோ புண்ணியவான் எழுதி வைத்த புரோகிராம்களின் தொகுப்பு. கேள்வியில் நாம் குறித்துக் கொடுத்த சொல் இருக்கிறதா என்று அது தேடும். இருந்தால், அதற்கு நாம் எழுதி வைத்த பதிலைத் திரையில் போடும். தமிழை ஆங்கில எழுத்தில்தான் காட்டும் என்பது ஒன்றுதான் குறை.

தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று மூன்று மொழியில் கேட்பார்களே என்று முதலில் பயந்தேன். ஜன்னலோரம் இரண்டு நாள் நின்றதில் பயம் தெளிந்தது. எந்த மொழியில் கேட்டாலும் லீவு லீவுதான், பர்மனென்ட் பர்மனென்ட்தான். பதில்களுக்கும் மூளையைக் கசக்கவில்லை. ஆபீசர் சொல்வதையே எழுதினேன். லீவு என்றால், 'சூப்பர்வைசரைக் கேளுங்கள்.' பர்மனென்ட் என்றால், 'ஃபைல் மேலே போயிருக்கிறது. அடுத்த வாரம் வாருங்கள்.' எதுவும் புரியாவிட்டால், 'எழுதிக் கொடுங்கள்.' பர்மனென்ட் பதிலுக்குக் கீழே மட்டும் மனசு கேட்காமல், 'கவலைப்படாதீர்கள்' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். ஆபீசர் தன் சர்வீசில் சொல்லியிராத சொல் அது.

முதல் கேள்வி, பக்கத்துப் பேரிகை கிராமத்திலிருந்து வரும் பேக்கிங் பிரிவுப் பெண்ணுடையது. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டி, வந்த பதிலைப் படித்துக் காட்டினேன்.

"அய்யா பேசற மாதிரியே இருக்குது சார். என்னா, இது மூஞ்சி சுளிக்கல" என்றாள்.

ஆபீசருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மறுநாளே ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கி வராந்தாவில் வைக்கச் சொன்னார். ஏ.சி. இல்லாமல் அது கெட்டுவிடும் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

லீவு, பர்மனென்ட் என்று தாங்களே தட்ட எல்லோரும் பழகிக்கொண்டார்கள். ஒரு மாதம் பொறுத்து, ஆர்டர் என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்கப் போனேன். செய்தித்தாளிலிருந்து அவர் தலை நிமிரவில்லை.

"அதான் வெளிய வெச்சிருக்குதே. அங்க போயி கேளு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெளியே வந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பேரிகைப் பெண் நின்றிருந்தாள். கூச்சமாக இருந்தது. என் முறை வந்ததும் தட்டினேன்.

ஃபைல் மேலே போயிருக்கிறது. அடுத்த வாரம் வாருங்கள். அவை அவருடைய வார்த்தைகள், எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரியைப் படித்ததும் ஆத்திரம் தலைக்கேறியது. பின்னால் இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் அழித்தேன்.