பதினோரு விரல் சிலை

அன்றைக்குப் போத்தனூரில் எங்கள் சபைக் கூடத்தில் இருந்தவர்கள்: ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஐயா, அவர் வீட்டுக்காரம்மா, போதகர், பாட்டுக்குழுப் பெண்கள் ஐந்து பேர், கார்டு ஐயாவோடு வேலை பார்த்த இன்ஜின் டிரைவர்கள் இருவர், அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு விவசாயி, அவர் மனைவி, கூடத்தைத் திறந்துவிடும் வாட்ச்மேன், பெயிண்ட் கடை பாய், நான், என் மனைவி. பதினாறு பேர். என் மனைவிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் பதினேழு. எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறவன் நான். இந்தக் கணக்கில் தவறு இல்லை. தவறு வேறொன்றில் நடந்தது.

நான் போர்டு எழுதுகிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்து அழகாக வரும், எழுதியது எதைப்பற்றி என்பது பாதிதான் விளங்கும். விளங்காத பாதியை நினைத்துப் பயப்படுவது என் வழக்கம்.

பயப்படுவதற்கு வேண்டியதையெல்லாம் கார்டு ஐயா கொடுத்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தீர்க்கதரிசனக் கூட்டம் நடத்துவார். ஒரு கையில் வேதாகமம், மறு கையில் அன்றைய செய்தித்தாள். வளைகுடாவில் சண்டை வந்தபோது, பாபிலோன் எழும்புகிறது, இனி அதிக காலம் இல்லை என்றார். நான் வீட்டுக்கு வந்து இருபது லிட்டர் மண்ணெண்ணெய் சேர்த்துவைத்தேன். சண்டை சீக்கிரமே முடிந்துபோனது. மண்ணெண்ணெய் தீர எட்டு மாதம் ஆனது. வடதிசை ராஜா என்று அவர் சொல்லிவந்த பெரிய தேசம் துண்டுதுண்டாகச் சிதறியபோது, அந்த ராஜா ஓய்வெடுக்கிறார், திரும்ப வருவார் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

தொண்ணூற்றைந்து தை மாதக் கூட்டத்துக்கு ஒரு பெரிய படம் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். வேதாகமத்தில் பாபிலோன் ராஜா கண்டு, தானியேல் விளக்கிச் சொன்ன கனவின் சிலை. தலை பொன், மார்பு வெள்ளி, இடுப்பு வெண்கலம், கால் இரும்பு, பாதம் பாதி இரும்பும் பாதி களிமண்ணும். ஒவ்வொரு பாகமும் ஒரு ராஜ்யம், பழைய ரோமாபுரி இருந்த இடத்தில் புதிதாகக் கூடியிருக்கிற நாடுகள்தான் அந்தக் கால்விரல்கள், அதோடு உலகம் முடிகிறது என்பது அவர் விளக்கம். பன்னிரண்டு அடி காடாத்துணி, முந்நூற்றைம்பது ரூபாய் கூலி, நூற்றைம்பது முன்பணம். ஒரு ரயில்வே ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதிய லிஸ்ட்டைக் கொடுத்து, இதில் இருக்கிறதை ஒவ்வொரு விரலிலும் ஒவ்வொன்றாக எழுதிவிடு என்றார். சிலைக்குக் கீழே ஒரு வசனமும் எழுதவேண்டும். உலகம் முடிகிற நாட்களில் பிள்ளைத்தாய்ச்சிகள் படப்போகும் வேதனையைச் சொல்லும் வசனம் அது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. வீட்டில் அவள் சுவரைப் பிடித்து நடக்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சிவப்பு பெயிண்டில், ஆறு அங்குல எழுத்தில் அதை எழுதுகிறேன். பிறக்கிற நேரமாகப் பார்த்து எல்லாம் முடிந்துபோகுமோ என்று ராத்தூக்கம் போனது. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாதத்துக்கு வந்தேன். லிஸ்ட்டை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. கனவில் வந்த சிலைக்கு நம்மைப்போலக் கால் இருக்கவேண்டுமென்று கட்டாயமா, பெரியவர் எழுதிக்கொடுத்ததைக் கேள்வி கேட்க நாம் யார் என்று இடது பாதத்தில் ஆறாவது விரலையும் போட்டுவிட்டேன். என் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஒரு விரல் கூடுதலாக இருக்கிறதே என்றாள். பிள்ளைத்தாய்ச்சி விகாரமான உருவத்தைப் பார்க்கக்கூடாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சிலையின் காலைச் செய்தித்தாளால் மூடினேன். சேலை நழுவியவளுக்குப் போர்த்துகிற மாதிரி அந்த ராட்சதனுக்குப் போர்த்துகிறீர்களே என்று அவள் சிரித்தாள்.

சனிக்கிழமை வரை பெயிண்ட் காயவில்லை. மடிக்க முடியாத துணியை எப்படிக் கொண்டுபோவது என்று நான் நிற்க, பெயிண்ட் கொடுத்த பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்க்க, பொன் தலை பாய் கையிலும் களிமண் பாதம் என் கையிலுமாக நடந்தோம். மாட்டியதும் போய்விடுவார் என்று நினைத்தேன். எங்கள் பக்கமும் கடைசி நாள் உண்டு தம்பி, உங்கள் பக்கம் எப்படி என்று கேட்டுவிட்டுப் போகிறேன் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கார்டு ஐயா தலையில் ஆரம்பித்தார். பழைய பச்சைக் கொடியைச் சுருட்டி அதன் கம்பால் தொட்டுத் தொட்டுப் பேசுவார். பாபிலோன், பாரசீகம், கிரேக்கம், ரோமாபுரி எல்லாம் சரியான நேரத்துக்கு வந்து போயின. பாதத்துக்கு இறங்கி, பத்து விரல் என்று சொல்லி, கம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டு உரக்க எண்ணினார். பத்துக்கு அப்புறமும் கம்பு தொடுவதற்கு ஒரு விரல் மிச்சம் இருந்தது. திரும்ப எண்ணினார். குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் கட்டைவிரலில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க பெயிண்டரே, ஐரோப்பான்னு மேல எழுதுனது தலைப்புங்க. அதுக்கும் ஒரு விரலப் போட்டுப்போட்டீங்களே."

எனக்குக் காது சூடானது. அது பத்து நாடுகளுக்கும் பொதுப் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாட்டுக்குழுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து பாய் எழுந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. பேப்பர்ல போட்டிருந்தானுங்க. இந்த வருசம் பொறந்ததுல இருந்து அந்தக் கூட்டணியில பதினஞ்சு நாடுங்க."

கார்டு ஐயாவின் லிஸ்ட் அவர் வேலையில் இருந்த காலத்தில் எழுதியது. வருஷம் பத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்ஜின் டிரைவர்களில் ஒருவர், நம்ம கார்டு பழைய டைம்டேபிளை வைத்துக்கொண்டு வண்டிக்கு நிற்கிறார் என்றார். போதகரே சிரித்துவிட்டார். அன்னூர்க்காரர், அப்படியானால் இன்னும் நாலு விரலுக்குத் துணியில் இடம் இருக்கிறதா என்று அக்கறையாக என்னைக் கேட்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி எழுந்தாள். சபையில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க ஐயா, எனக்குப் பங்குனியில நாள் குடுத்திருக்கறாங்க. இவர் பயந்துபோய் ஒரு மாசமாத் தூங்கறதில்ல. நீங்க சொல்ற அந்த நாள் அதுக்கு முன்னாலயா, பொறகான்னு சொல்லிப்போடுங்க."

நான் தரையைப் பார்த்தேன். கார்டு ஐயா கம்பை உருட்டிக்கொண்டே நின்றார். அவர் வீட்டுக்காரம்மா முன் பெஞ்சிலிருந்து, தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், மாசமாக இருக்கிற பெண்ணை நிற்கவைக்காதீர்கள் என்றார்.

"தெரியாதுங்க அம்மணி," என்றார் கார்டு ஐயா. அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் கடைசிப் பெட்டியில போனவன். தாண்டிப்போன ஊருதான் எனக்குத் தெரியும். நீ நல்லபடியாப் பெத்துப்போட்டு வா கண்ணு."

அதற்குமேல் பிரசங்கம் நடக்கவில்லை. பெண்கள் பாட்டெடுத்தார்கள். அன்னூர் அம்மா மஞ்சப்பையிலிருந்து அவித்த கடலையை எடுத்து முதலில் என் மனைவி மடியில் இரண்டு கை போட்டு, மிச்சத்தை எல்லாருக்கும் கொடுத்தார். பாய் கடலையை உரித்தபடி சிலையைப் பார்த்து, விரல் எப்படியோ, வெள்ளி நிறம் நன்றாக எடுத்திருக்கிறது தம்பி என்றார். அவர் கடைப் பெயிண்ட் அல்லவா. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன். விடிந்து மில் சங்கு ஊதியதுகூடக் காதில் விழவில்லை.

பங்குனியில் பெண் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் காலைத்தான் பார்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கட்டிலிலிருந்து என் மனைவி, எந்த விரலில் ஐரோப்பா என்று எழுதியிருக்கிறது பாருங்கள் என்றாள். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் கார்டு ஐயாவும் வீட்டுக்காரம்மாவும் பிஸ்கட் பாக்கெட்டும் ஆப்பிளுமாக வந்தார்கள். அவரும் வந்ததும் வராததுமாகக் குழந்தையின் காலைத்தான் தேடினார். பத்து என்று சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார். படத்தின் மீதிப் பணத்தைப்பற்றி அவரே பேச்செடுத்தார். அந்த நாடுகளின் எண்ணிக்கை ஒரு நிலைக்கு வரட்டும், விரலைச் சரிபண்ணி முடித்த அன்றைக்கே கையில் தருகிறேன் என்றார். நானும் சரிங்க என்றேன்.

அந்த எண்ணிக்கை பிறகும் நிலைக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவை மாறும்போதும் பாய் கடையிலிருந்து எனக்குச் சொல்லியனுப்புவார். உலகம் இருந்தது, என் மகள் அதே தெருவில் பத்து விரலால் ஓடினாள், கார்டு ஐயா எனக்குத் தரவேண்டியது இன்னும் இருநூறு ரூபாய்.