பிலோமினா சிஸ்டரின் குட்டி யானை

வண்டியை வாங்குவதற்கு முன்னால் பிலோமினா அதை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கதவுகளைத் திறந்து மூடி, வந்த சத்தத்துக்குக் காது கொடுத்தாள். சி.என்.ஜி. கேஸில் ஓடும், சரக்கு ஏற்றுகிற சின்ன வெள்ளை வண்டி. ஊரில் குட்டி யானை என்பார்கள், டெல்லியில் சோட்டா ஹாத்தி. டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் வேறொரு வெள்ளையில் இருந்தது. அவள் கணவர் மதலைமுத்து கொஞ்சம் தள்ளி நிழலில் நின்றுகொண்டு, அந்தக் கதவைப் பார்த்ததுமே இவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என நம்பிக்கொண்டிருந்தார்.

விற்ற மது மலையாளி. எதையும் ஒளிக்கவில்லை.

"ஜெய்ப்பூர் ரோட்டுல லாரியோட இடிச்ச வண்டி சேச்சி. இன்சூரன்ஸ்காரன் இனி இது தேறாதுன்னு எழுதிட்டான். முன்பக்கம் முழுக்க வேற வண்டியில இருந்து எடுத்து வெச்சது. பேப்பர் எல்லாம் சரியாக்கியாச்சு. அதுதான் இந்த விலை."

"தேறாதுன்னு எழுதிக் குடுத்த கேஸ் எத்தனையோ நடந்து வீட்டுக்குப் போயிருக்கு," என்றாள் பிலோமினா.

மதலைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. நிழலை விட்டு வெளியே வந்தார்.

திண்டுக்கல்லிலிருந்து டெல்லிக்கு வந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை அவள் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு பெரியவரின் குடும்பமும் அவளிடம் ஒன்றைத்தான் கேட்கும்: "சிஸ்டர், தலைப்பக்கம் தூக்கிவிடுற கட்டில் வாடகைக்கு எங்க கிடைக்கும்?" எங்கேயோ கிடைத்தது, ஆனால் கைப்பிடி உடைந்து, மெத்தை கிழிந்துதான் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு அவளே கட்டில்கள் வாங்கிப்போட்டாள். பிறகு சக்கர நாற்காலி, வாக்கர், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. துவாரகா ஃபிளாட்டில் மதலைமுத்து நியூஸ் பார்க்கிற அறை மெல்ல மெல்ல ஸ்டோர் ரூமானது. அவர் கால் நீட்டிக்கொள்ள இப்போது மிஞ்சியிருந்தது ஒரு சக்கர நாற்காலிதான்.

கட்டிலைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறவள் இல்லை அவள். படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, முதுகை எப்படித் துடைப்பது என்று வீட்டாரைச் செய்யவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவளைக் கடுப்பேற்றியது வாடகை டெம்போக்காரர்கள். காலையில் வருகிறேன் என்பவர்கள் மத்தியானமும் வரமாட்டார்கள். ஆம்புலன்ஸில் நோயாளி வந்து வாசலில் காத்திருக்க, கட்டில் வந்து சேராத கொடுமையை இரண்டு முறை பார்த்தபிறகுதான் சொந்த வண்டி என்று முடிவு செய்தாள். கார் ஓட்டத் தெரியும். இதுவும் அப்படித்தானே என்றாள்.

மதலைமுத்து ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லிக் குளிர்காலப் புகை அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளி வந்தால் பொங்கல்வரை இருமல். திண்டுக்கல் டவுனில் வாங்கிப்போட்ட ஃபிளாட் காலியாகக் கிடந்தது. இந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வண்டி ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. ஏப்ரலில் நிற்கத் தொடங்கியது. இருமாது, திணறாது. போய்க்கொண்டே இருக்கும், பட்டென்று அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பும். ஆனால் நடுரோட்டில், பின்னால் பஸ் ஹாரனடிக்கும்போது அந்த ஒரு நிமிஷம் போதும்.

உத்தம் நகரில் பட்டறை வைத்திருந்த ஐயப்பன் விழுப்புரத்துக்காரன். கேஸ் ஃபில்டரைச் சுத்தம் செய்தான், பிளக்குகளை மாற்றினான், பேட்டரி முனைகளைச் சுரண்டினான். நஜஃப்கர் வரை தானே ஓட்டிப்போய்விட்டு வந்தான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நான் ஓட்டுனா எரும மாதிரி போவுது சிஸ்டர். நீங்க ஏறுனாதான் மயக்கம் போடுது."

"அப்ப எம்மேலதான் தப்பா?"

"நான் அப்பிடிச் சொல்லுவனா? உங்களப் பாத்ததும் ஊசி போட்டுடுவீங்கன்னு பயப்படுதோ என்னமோ."

மே மாதம் வந்ததும் இன்னும் மோசமானது. "வெயிலு சிஸ்டர்," என்றான் ஐயப்பன். "கேஸ் வண்டிக்கு டெல்லி வெயிலு ஆவாது." அவனுடைய பட்டறைக்கு வருகிற மற்ற கேஸ் வண்டிகளெல்லாம் அதே வெயிலில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஒருநாள் சாப்பாட்டின் நடுவே மதலைமுத்து கேட்டார்: "எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

பிலோமினா ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "ஜூன் முடியட்டும். அப்பவும் நின்னுச்சுன்னா வித்துடுறேன். கட்டிலையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு உங்களோட வந்துடுறேன். போதுமா?"

"மாத்திப் பேசக் கூடாது."

"நான் என்னைக்குங்க மாத்திப் பேசியிருக்கேன்?"

அது உண்மை. அதனாலேயே அன்றிலிருந்து வண்டி நின்ற கதையை அவள் வந்து சொல்லும்போதெல்லாம் மதலைமுத்து ஜன்னல் பக்கமாகத் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

ஜூன் கடைசி வாரத்தில் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அபூர்வா என்ற பெண் கூப்பிட்டாள். மாமியார் செல்லம்மாளுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, மத்தியானம் ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் கட்டில் வேண்டும். பிலோமினா கட்டிலைப் பிரித்து ஏற்றிக் கயிறு கட்டினாள். "நீங்களும் வாங்க. நின்னா தள்ள ஆள் வேணும்," என்றாள். மதலைமுத்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

குடியிருப்பின் வாசலில் இருந்த வேகத்தடையிலேயே நின்றது. தௌலா குவானுக்கு முன்னால் ஒரு தரம். மூன்றாவது முறை சாணக்யபுரியில், ஏதோ ஒரு தூதரகத்தின் வாசலுக்கு நேரே. துப்பாக்கியோடு ஒரு காவலர் ஓடி வந்து, வண்டியை எடுக்கச் சொல்லி, பின்னால் என்ன என்று அதட்டினார்.

"காடி ஹடாவோ! பீச்சே க்யா ஹை?"

"பெட் ஹை பையா. பீமார் மாதாஜி கே லியே," என்றாள் பிலோமினா, உடம்பு முடியாத ஒரு பாட்டிக்குக் கட்டில் என்று.

அவர் நம்பாமல் தார்ப்பாயைத் தூக்கினார். முதலில் கண்ணில் பட்டது பளபளவென்ற பெட்பேன். கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். "அச்சா, அச்சா. ஜாயியே சிஸ்டர்ஜி, ஜல்தி," என்று சீக்கிரம் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

மதலைமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருக்கு உள்ளே ஒரு நிம்மதி. இந்த மாதத்தோடு முடிந்தது. ஆனால் காதுதான் வலித்தது. பிலோமினாவின் சாவிக்கொத்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஆடி ஆடிச் சத்தம் போட்டது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களெல்லாம் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற, மீன் தொட்டிக்கு இரை போட, தபாலை எடுத்துவைக்க. சாவி ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பாள். எல்லாம் ஒரே வளையத்தில். வார்டில் மருந்து அலமாரிச் சாவிகளை அப்படித்தான் வைத்துப் பழக்கம். தனிச் சாவி தொலைந்துபோகும் என்பாள்.

"கோயில் மணி மாதிரி அடிக்குது," என்று சொல்லிக் கையை நீட்டிக் கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கியர் போட விடுங்க. இடிக்குது."

"நீ போடு. நான் பிடிச்சுக்கறேன்."

இரண்டு வேகத்தடைகளும் ஒரு பள்ளமும் வந்தன. வண்டி நிற்கவில்லை. பாக்கெட்டில் போன் அடித்தது. கொத்தை விட்டுவிட்டுப் போனை எடுத்தார். "அங்கிள், எங்க இருக்கீங்க?" என்று அபூர்வா கேட்பதற்குள் அடுத்த வேகத்தடை வந்தது. வண்டி அணைந்தது.

போனைக் காதில் வைத்தபடியே மதலைமுத்து சாவிக்கொத்தைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு சாவியாகச் சேர்ந்த அவ்வளவு கனமும் அந்த ஒற்றை வண்டிச் சாவியில் தொங்கியது. வேறு வண்டியிலிருந்து எடுத்து வைத்த சாவித் துவாரம், தேய்ந்தது. குலுங்கும்போது கொத்தின் கனம் சாவியைக் கீழே இழுத்துத் திருப்பி, வண்டியை அணைத்துவிடுகிறது. ஐயப்பனிடம் வண்டியை விடும்போது பிலோமினா என்ன செய்வாள்? அடுத்தவர் வீட்டுச் சாவி தன் கையை விட்டுப் போகக்கூடாதென்று வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பாள். அவன் ஓட்டும்போது எப்படி நிற்கும்?

அவர் வாயைத் திறக்கவில்லை. கொத்தை மறுபடி பிடித்துக்கொண்டார். கட்டில் போய்ச் சேர வேண்டுமே. லக்ஷ்மிபாய் நகர்வரை வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கை கொடுக்க, பிலோமினா கட்டிலைப் பூட்டி முடிக்கவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. செல்லம்மாள் வலியிலும் வாய் ஓயாத ஆள்.

"யாரும்மா நீ? என்னைக் கீழ போட்டுடாதே."

"போட்டா மறுபடி ஒரு மாசம் வாடகை கிடைக்கும்ல பாட்டி. கழுத்தைக் கட்டிக்குங்க."

அந்த அம்மா வலியோடு சிரித்தார். சிரிக்கும்போதே கட்டிலுக்கு மாறியிருந்தார். பிறகு பிலோமினா அபூர்வாவைப் புரட்டச் சொன்னாள். அவள் நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"துணியை இழுக்காதே கண்ணு. உன் முழங்காலைக் கட்டில்ல வை. இப்ப தோளும் இடுப்பும். பயப்படாதே, அவங்க உடைய மாட்டாங்க. ஏற்கெனவே உடைஞ்சாச்சு."

மூன்றாவது முறை அபூர்வா சரியாகப் புரட்டினாள். புரட்டிவிட்டு அழுதாள். பிலோமினா அவளைத் தேற்றவில்லை. "தண்ணி குடி. ரெண்டு மணி நேரம் கழிச்சு இந்தப் பக்கம்," என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரி செய்தாள். வாசற்படியில் நின்ற மதலைமுத்து, செருப்பை மாட்டுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு அதைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் பார்த்ததே இல்லை. வார்டுக்குள் அவரை யார் விட்டார்கள்?

திரும்பும்போது கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். சாவிகள் ஆடின. முதல் வேகத்தடையில் வண்டி தப்பித்தது. இரண்டாவதில் அணைந்தது.

பிலோமினா உடனே சாவியைத் திருப்பவில்லை. இறங்கித் தள்ளச் சொல்லவும் இல்லை. ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "சொன்னது சொன்னதுதான். அந்த மதுவுக்கே போன் போட்டு வித்துடுவோம். செல்லம்மா பாட்டி எழுந்து நடக்குற வரைக்கும் மட்டும் டைம் குடுங்க. அவங்க கட்டிலைத் திருப்பி எடுத்ததும் டிக்கெட் போடுங்க."

குரலில் கோபமில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரனடித்தது. டிக்கெட், திண்டுக்கல், இருமல் இல்லாத டிசம்பர், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும்.

"பிலோ," என்றார். "அந்தக் கொத்தைக் கழட்டிட்டு, வண்டிச் சாவியை மட்டும் போட்டு ஓட்டு."

"எதுக்கு?"

"ஓட்டு, சொல்றேன்."

அவள் கழற்றி அவர் மடியில் போட்டாள். கிளப்பினாள். அடுத்த வேகத்தடையில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினாள். மதலைமுத்துவின் தலை கூரையில் இடித்தது. இன்னொரு தடை. ஒரு பள்ளம். வண்டி எருமை மாதிரிதான் போனது.

நடந்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"போகும்போதே. போன் வந்தப்ப."

"தெரிஞ்சும் இவ்வளவு நேரம் ஊமையா உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டச் சொல்லுங்க."

"அதான் உங்கிட்டயே சொல்லிட்டேனே. அவரு வேற எதுக்கு?"

பிலோமினா கியர் மாற்றினாள். ஆனால் சிரிப்பை அடக்கும்போது அவள் கழுத்து நரம்பு புடைப்பதை அவர் பார்த்துவிட்டார். உத்தம் நகர் பக்கம் வண்டியைத் திருப்பினாள். ஐயப்பனைச் சாவித் துவாரத்தைப் புதிதாக மாற்றச் சொல்ல வேண்டும், அவனை இரண்டு வார்த்தை கேட்கவும் வேண்டும்.

"நவம்பர்ல இருமல் ஆரம்பிச்சதும் நீங்க கிளம்பிப் போயிடுங்க," என்றாள் கொஞ்சம் கழித்து. "நான் கிறிஸ்துமஸுக்கு வந்துட்டுப் போறேன். கட்டில் கேக்குறவங்க நிக்க மாட்டாங்க, அதையும் பாக்கணும்ல."

"தனியாவா? சமைக்க யாரு?"

"தெரியாதுன்னா கத்துக்குங்க. இன்னிக்கே. ராத்திரி ரசம் நீங்கதான்."

மதலைமுத்து தொப்பியைக் கழற்றி, இடித்த இடத்தைத் தடவிக்கொண்டார். "புளி எவ்வளவு போடணும்?" என்று கேட்டார்.