பையன் என்றால் மோப்பக்காவுக்குப் பயம்

"குனி" என்கிறாள் மோப்பக்கா. தென்னை மர உயரத்தில் இருக்கும் டிரைவர் குனிகிறான். அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து ரெண்டு இழுப்பு இழுத்தவள், "புது எண்ணெய். உள்ள வராத, பாட்டிலை வாசல்லயே வை" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். மூச்சிரைக்கத் தண்ணீர் மாதிரிகளைத் தூக்கி வந்தவனுக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது. "விமானம் ஏறப் போனாக்கூட இவ்ளோ சோதனை இல்லக்கா" என்று அவன் மூடிய கதவிடம் புலம்பிவிட்டுப் படி இறங்குவான். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

குடிநீர் நிலையத்தின் மாடியில் இருக்கிறது அந்தச் சின்ன அறை. சென்ட் போட்டவர்கள், சோப்புக் கையை ஒழுங்காகக் கழுவாதவர்கள், கொசுவத்தி கொளுத்திய வீட்டிலிருந்து அதே சட்டையோடு வருபவர்கள் எவருக்கும் அங்கே அனுமதி இல்லை. மேலதிகாரியே ஒருநாள் முகச்சவரம் செய்த கையோடு வந்து மாட்டினார். வாசலில் நின்றே பேசிவிட்டு, வாசலோடு திரும்பிப் போனார். பட்டப்பெயர் வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு அதில் கோபமும் கிடையாது. போன் அடித்தால் அவளே "மோப்பம்தான் பேசுறேன்" என்பாள்.

இத்தனை கெடுபிடியும் எள்ளளவு பூச்சிகளுக்காக. நீர்த்தெள்ளு என்று பெயர். நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்துச் சொந்தம், ஆனால் அந்தக் கெத்து கொஞ்சமும் இல்லாத ஏழைச் சொந்தம். அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள். அவற்றுக்குள் விக்கல் எடுத்தவைபோல் துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருக்கும். உடம்பும் கண்ணாடிதான். தின்ற பாசி பச்சையாகத் தெரியும், நெஞ்சு படபடப்பது தெரியும், முதுகுப் பைக்குள் குஞ்சுகள் நெளிவதும் தெரியும். எதையும் மறைக்கத் தெரியாத ஜீவன்கள். அதனால்தான் மோப்பக்காவுக்கு மனிதர்களைவிட இவற்றோடு பேச்சு அதிகம். "சாப்டீங்களாடி? யாருக்கு இன்னைக்கு முதுகு வலி?" என்றபடி சொட்டுச் சொட்டாகப் பாசிக் கரைசலை விடுவாள்.

"டி" போடுவதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் பெண்கள். காலம் நன்றாக இருக்கும்வரை தாய் தனியாகவே மகள்களைப் பெறுவாள், மகள்கள் பேத்திகளைப் பெறுவார்கள், அப்பா என்ற பேச்சே எழாது. இடம் நெருக்கடியானால், தீனி குறைந்தால், குளிர் வந்தால்தான் தாயின் உடம்புக்குள் ஒரு ஹார்மோன் ஓடிப்போய்ச் சேதி சொல்லும்: காலம் கெட்டுப்போச்சு, ஆணைப் பெறு. சிக்கல் எங்கே என்றால், சில பூச்சிமருந்துகளுக்கு அந்த ஹார்மோனின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட வரும். ஆற்றோடு கலந்து வந்து கள்ளக் கடுதாசி போட்டுவிட்டுப் போய்விடும். பாவம், தாய் நம்பிவிடுவாள்.

ஊருக்குப் போகும் தண்ணீரில் வளரும் குடுவையில் பையன் பிறந்தால், தண்ணீரில் மருந்து என்று அர்த்தம். ஆகவே அந்த அறையில் பையன் என்பது கெட்ட வார்த்தை. காலையில் மேலதிகாரி போனில் முதலில் கேட்பது, "பையன் யாராச்சும்?" அவள் பதில், "எல்லாம் பொண்ணுங்கதான் சார்." "அப்பாடா" என்று வைத்துவிடுவார்.

இந்தப் பயத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுபோனாள். வீட்டில் கொசுவத்தி கிடையாது, மருந்தடிப்பது கிடையாது. "என்னைக் கொசுவுக்கு எழுதி வச்சிட்டா" என்று கணவர் தொடையில் அறைந்துகொண்டே பேப்பர் படிப்பார். மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். மருமகன் வேலை வெளியூரில், ஆகவே இவர்களோடுதான். "உதைக்கிற உதையைப் பாத்தா பையன்தாம்மா" என்று அவள் ஆசையாகச் சொன்னால், மோப்பக்கா சோற்றுக் கரண்டியோடு பதறுவாள். "அந்த வார்த்தைய விடு. ஆரோக்கியமா ஒரு புள்ளன்னு சொல்லு."

"உங்கம்மாவுக்கு மூளையிலயும் பூச்சி" என்பார் கணவர்.

போன மாதம் ஒரு காலை. குளோரின் போக ஆறவைத்த குழாய்த்தண்ணீரில் வளர்ந்த குடுவை அது. அன்று பிறந்த குஞ்சுகளைக் குழலால் உறிஞ்சி நுண்ணோக்கியின் கீழ் விட்டாள். பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முகத்துக்குக் கீழே நீளமாக ஒரு கொம்பு. அவள் அதை மீசை என்பாள். அடுத்த குஞ்சுக்கும் மீசை. அதற்கு அடுத்ததற்கும்.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். நெருக்கடியோ என்று பாதிப் பூச்சிகளை வேறு குடுவைக்கு மாற்றினாள். பசியோ என்று பாசியைக் கூட்டினாள். விளக்கை மாற்றினாள், ஜன்னலை அடைத்தாள், தன் கையையே பத்து தடவை முகர்ந்து பார்த்தாள். பக்கத்திலேயே, நிலையத்தின் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த குடுவை, அதே தீனி, அதே வெளிச்சம், வரிசையாக மகள்களைப் பெற்றுக்கொண்டிருந்தது. அடுத்த ஈற்றுக்குக் காத்திருந்தாள். அதிலும் மீசை.

போனை எடுத்தாள். "சார், பையன் பொறந்திருக்கு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணு ரெண்டு இல்ல சார். எல்லாமே பையன்."

வாசலில் பாட்டிலோடு நின்ற டிரைவரின் காதில் இது விழுந்தது. மாசக் கணக்குப் பார்க்கத் தெரியாத பிள்ளை. அக்கா மகளுக்கு இரட்டைப் பையன் என்று எடுத்துக்கொண்டான். சொந்தக் காசில் மிட்டாய் வாங்கி, பம்ப் ரூமிலிருந்து வாயில்காவலர் வரை ஒருவரை விடாமல் கொடுத்துவிட்டான். போனை வைத்துவிட்டு அவள் திரும்பினால் வாசல் முழுக்க ஆட்கள்.

"ரெட்டைப் பையனாமே, கொடுத்து வச்சவ நீ."

"இனிமே நம்மளை எங்க கண்ணு தெரியப் போகுது?"

"பாரு, சந்தோஷத்துல கண்ணு கலங்கிட்டா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாயில் யாரோ மிட்டாயைப் போட்டார்கள். அவள் தண்ணீரை நினைத்தாள். மிட்டாயை மென்றுவிட்டு இவர்கள் எல்லாரும் இப்போது போய்க் குடிக்கப் போகும் தண்ணீரை. மிட்டாய் நாக்கில் கல்லாகக் கிடந்தது. எப்படியோ தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் மேலதிகாரி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பெரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியாச்சு. முடிவு வர்ற வரைக்கும் வெளியில மூச்சு விடாதீங்க. ஊரே கலவரமாயிடும்."

"குடிக்கிறாங்களே சார்."

"அது பூச்சியோட ஹார்மோன்மா. மனுஷ உடம்புல அந்தச் சமாச்சாரமே கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். அது மட்டும்தான் வந்திருக்குன்னு தெரியாதே. கூட யார் யார் வந்திருக்காங்களோ."

அவர் மேசையில் கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. நேற்றுவரை அங்கே கூஜாதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று முதல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்து வீட்டுக்குத் தூக்கிப்போக ஆரம்பித்தாள். பேருந்தில் மடியில் வைத்துக்கொள்வாள், தூங்கும் குழந்தையைப் போல. குடியிருப்பில் மாடி வீடு. ஒவ்வொரு படியிலும் கேன் முழங்காலில் இடிக்கும்.

"நீ சோதிச்சு அனுப்புற தண்ணி நம்ம குழாயிலேயே வருது, இதை எதுக்குச் சுமக்குற?" என்றார் கணவர். "மீன்காரி வீட்டுல வெளிய மீன் வாங்கின மாதிரி இருக்கு."

"ருசி நல்லா இருக்கு."

"தண்ணிக்கு ஏதுடி ருசி" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கேனை அவரே வாங்கி அடுப்படியில் வைத்தார். பயப்படுகிறவர்கள் வீட்டில் பாத்திரங்கள் சத்தமில்லாமல் வைக்கப்படும்.

மகள்தான் விடவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்போ நான் இத்தனை நாள் குடிச்சது?"

"கொதிக்க வச்சுதானேடா குடிச்ச. ஒண்ணும் ஆகாது."

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும். சேதியும் சாகும் என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. மகள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். பிள்ளை உதைக்கிறது என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. உதைத்ததா என்று கேட்க மோப்பக்காவுக்கும் தைரியம் வரவில்லை.

நேற்று மாலை படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரி வழிமறித்தாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தவள். கலகலப்பான பெண்.

"என்னக்கா, தினமும் கேனும் கையுமா இருக்கீங்க? நம்ம குழாய்த்தண்ணிக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லம்மா. பொண்ணுக்கு இந்த ருசிதான் புடிக்குது."

"தண்ணிய சோதிக்கிறவங்களே வேற தண்ணி குடிச்சா நாங்கல்லாம் எங்கக்கா போறது? சொல்லிட்டுக் குடிங்க, நாங்களும் வந்து வரிசையில நிக்கிறோம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சும்மா சீண்டல்தான். அவள் கண்ணில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் மோப்பக்காவுக்குத் தாங்கவில்லை. கேனைப் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். மேலதிகாரியின் குரல் காதுக்குள் இருந்தது. முடிவு வர்ற வரைக்கும். முடிவு இன்னும் வரவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அப்போது கீழ்வீட்டுக்காரியின் சின்ன மகள் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் படியேறி ஓடிவந்தாள். அம்மாவின் கைக்கடியில் புகுந்து அடுப்படிக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தளும்பத் தளும்ப ஒரு டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள், பேச்சைத் தவறவிடக் கூடாதே என்று.

"மெதுவா, புரை ஏறப்போகுது" என்றாள் அவள் அம்மா, மடித்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குழந்தை டம்ளரை உயர்த்தியது. மோப்பக்காவின் கை முன்னால் நீண்டு, உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடியது.

"பெரியம்மா, தாகமா இருக்கு" என்றது குழந்தை.

கீழ்வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மோப்பக்கா கையை எடுக்கவில்லை.